வராது என்று எழுதியவள்

நம் வயதுக்காரர்களுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியலில் எது மறந்துபோயிருந்தாலும் சமன்பாடு மறந்திருக்காது. யாராவது ஒரு தாளில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எழுதி, நடுவில் அம்புக்குறி போட்டு, அந்தப் பக்கம் தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தால் நம் கை தானாகவே பேனாவைத் தேடும். அம்புக்கு இந்தப் பக்கம் எத்தனை அணு இருக்கிறதோ, அந்தப் பக்கமும் அத்தனை இருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

அதில் இரண்டு வகை எண்கள் உண்டு. எழுத்துக்குக் கீழே பொடியாக ஒட்டிக்கொண்டிருப்பது ஒன்று. அது அந்தப் பொருளோடு பிறந்தது, அதை நாம் தொடக் கூடாது. எழுத்துக்கு முன்னால் பெரிதாகப் போடுவது இன்னொன்று. அதை நாம் போட்டுக்கொள்ளலாம். எங்கள் சயின்ஸ் சார் இதை ஒரே வரியில் சொல்வார்: “கீழ இருக்கறது சாமி போட்டது. முன்னாடி போடறதுதான் நம்ம வேல.”

நான் படித்தது செட்டிகுளத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில். பள்ளி மைதானத்தில் நின்றால் மலைக்கோயில் தெரியும். பெரம்பலூர் அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. சயின்ஸ் சார் அங்கிருந்துதான் தினமும் காலைப் பஸ்ஸில் வருவார். சட்டைப் பையில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். அதற்குள் சாக்பீஸ். ஒரு பீரியடுக்கு ஒரு சாக்பீஸ்தான் பள்ளியில் கொடுப்பார்கள் என்பதால் மிச்சத் துண்டுகளை அவர் அதில் சேர்த்து வைத்திருப்பார். அந்த ஒரு சாக்பீஸில் பாடம் முடிய வேண்டும் என்பதற்காகவே பொடி எழுத்தில் எழுதிப் பழகியவர். ஆனாலும் அழகான எழுத்து. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, “அச்சு மாதிரி இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் எங்களுக்கெல்லாம் பெருமை. அச்சு மாதிரிதான் இருந்தது, அச்சின் அளவிலேயே இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

காலாண்டுத் தேர்வில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அறிவியலில் தேறவில்லை. பெரிய சார், அதாவது தலைமை ஆசிரியர், சயின்ஸ் சாரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். மறுநாள் வகுப்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு லீடர்கள். ஒவ்வொரு லீடருக்குக் கீழும் ஐந்து பேர். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் மைதானத்தில் உட்கார்ந்து லீடர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆறாவது லீடர் நான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அறிவியல் அவ்வளவாக வராது. மனப்பாடம் வரும். ஆனால் லீடருக்கு ஒரு சிவப்பு ரீஃபில் பேனாவும் ஒரு நீள நோட்டும் கொடுத்தார்கள். மற்றவர்கள் நோட்டில் சிவப்பு மையால் தப்புப் போடுகிற அதிகாரம் பதினைந்து வயதில் சின்ன விஷயமா? நீள நோட்டில் தினமும் ஐந்து பேரின் பெயரையும் எழுதி, எதிரே அன்றைக்கு எப்படிப் படித்தார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும். சார் வெள்ளிக்கிழமை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

என் ஐந்து பேரில் நான்கு பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வந்தார்கள், கொஞ்சம் படித்தார்கள், பந்து விளையாடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாமவள் பெண்கள் வரிசையில் கடைசி பெஞ்சுக்காரி. வகுப்பிலேயே உயரம் என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்தே கடைசி பெஞ்ச்தான். அவள் அம்மா வெங்காயம் ஆய்கிற வேலைக்குப் போவார். எங்கள் பக்கம் சின்ன வெங்காயம்தான் வெள்ளாமை. பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்து, வேரைத் தட்டி, மூட்டையாக்குவதற்கு ஆய்வது என்று பெயர். அந்தப் பருவத்தில் ஊரே வெங்காய வாசனை அடிக்கும். கடைசி பெஞ்சுக்காரியும் பள்ளிக்கு வருவதற்கு முன் ஒரு மணி நேரம் ஆய்ந்துவிட்டுத்தான் வருவாள். சனி ஞாயிறு முழுநாள். அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். எதைப் பார்த்தாலும் இடுக்கிக்கொண்டு பார்ப்பாள். எங்கள் ஊரில் அந்த மாதங்களில் யார் கண்தான் சிவக்காமல் இருந்தது? அதனால் அவள் கண்ணை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

மைதானத்துப் புங்கமரத்தடியில் மண்ணைக் காலால் தள்ளிச் சமமாக்கி, ஒரு குச்சியால் எழுதித்தான் சொல்லிக் கொடுப்பேன். மண்ணில் பொடியாக எழுத முடியாது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் இருக்கும். கீழே வரும் எண்ணும் அரைச் சாண் இருக்கும். நான்கு பேரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி பெஞ்சுக்காரி விரலை மடக்கி எண்ணி, “இங்க ரெண்டு, அங்க ரெண்டு” என்பாள். சரியாக இருக்கும். சில நாள் நானே மனப்பாடத்தை நினைவுபடுத்திப் பார்ப்பதற்குள் அவள் சொல்லிவிடுவாள்.

மறுநாள் வகுப்பில் சார் அதே மாதிரிக் கணக்கைப் போர்டில் எழுதி, நோட்டில் போடச் சொல்வார். அவள் தப்பாகப் போட்டிருப்பாள். எல்லாமே தப்பு. எனக்குக் கோபம் வரும். என் குழு கெட்டுப்போகிறதே என்று.

“நேத்து இங்க சரியாச் சொன்ன. இன்னிக்கி கிளாஸ்ல ஏண்டி தப்பாப் போட்ட?”

“நீ போடறதுல நம்பர் இருக்கு லீடரு. சார் போடறதுல நம்பரே இல்லையே.”

“சார் எப்பிடி நம்பர் போடுவாரு? நம்மதான் போடணும். அதுக்குத்தான பாடமே!”

 “ஓ, அப்பிடியா” என்றாள் அவள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் சொன்னது கீழே இருக்கும் எண்ணை. நான் புரிந்துகொண்டது முன்னால் போடும் எண்ணை. அந்தப் பேச்சு எங்களுக்குள் மூன்று நான்கு தடவையாவது நடந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் இப்படியேதான் முடிந்தது.

அன்றைக்கு நீள நோட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘கவனம் இல்லை’ என்று எழுதினேன். பிறகு தினமும் அதையே எழுதினேன். எழுதுவதற்குச் சுலபமாக இருந்தது.

அவளிடம் அறிவியல் புத்தகம் சரியாக இல்லை. மேல் வகுப்பு முடித்துப் போன யாரிடமோ பாதி விலைக்கு வாங்கியது. வேதியியல் பாடங்கள் கிழிந்துபோய், இயற்பியலில் ஆரம்பிக்கும். அதனால் வேதியியலுக்கு அவளுக்கு இருந்ததெல்லாம் போர்டைப் பார்த்து எழுதிய நோட்டு மட்டும்தான். சார் அவளைப் போர்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. சரியாகச் சொல்கிறவர்களைத்தான் கூப்பிடுவார். தெரியாத பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி அவமானப்படுத்தக் கூடாது என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் அந்த வருடம் வேறு மாதிரி போயிருக்கும்.

பொங்கல் முடிந்து திருப்புதல் தேர்வு. அதில் தேறாதவர்களைப் பொதுத்தேர்வுக்கு அனுப்புவதில்லை என்று பெரிய சார் முடிவு செய்திருந்தார். பள்ளியின் தேர்ச்சி குறைந்தால் அவருக்கு மேலிடத்தில் பேச்சு வரும். அப்போது இது எங்களுக்கு அநியாயமாகத் தெரியவில்லை. மழை பெய்வது போல நடக்கிற விஷயமாகத்தான் தெரிந்தது.

கேள்விகளைச் சார் போர்டில்தான் எழுதிப் போட்டார். சமன்பாடு ஐந்து. அதில் கடைசி ஒன்று சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் என்ன ஆகும் என்பது. அரியலூர்ப் பக்கம் லாரி லாரியாகப் போகிற அதே கல். அந்தச் சமன்பாட்டில் நாம் எந்த எண்ணும் போட வேண்டியதில்லை. ஏற்கெனவே சமமாக இருக்கும். மாணவர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்கச் சார் அதை வேண்டுமென்றே வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் விடைத்தாள் கொடுக்கும்போது, கடைசி பெஞ்சுக்காரியின் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். கடைசியில் அதைக் கையில் எடுத்து வகுப்புக்கே படித்துக் காட்டினார்.

“ஒண்ணு, சமமாக உள்ளது. ரெண்டு, சமமாக உள்ளது. மூணு, சமமாக உள்ளது. நாலு, வராது. அஞ்சு, வராது.” தாளைக் கீழே இறக்கினார். “சமம் இல்லாதது மூணையும் சமம்ங்கறா. சமமா இருக்கற ஒண்ண வராதுங்கறா. எப்பிடிம்மா இது? எது வராது? ஒனக்கு வராது. அத எழுதியிருந்தா ஒரு மார்க்காவது போட்டிருப்பேன்.”

வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து நின்றாள்.

“போட்டுப் பாத்தேன் சார். ரொம்ப நேரம் போட்டுப் பாத்தேன். வரல.”

இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலையே லீடர்களின் நீள நோட்டை எல்லாம் சார் வாங்கிக்கொண்டு போனார். தேர்வுக்கு அனுப்பாதவர்கள் பட்டியலில் ஆறு பெயர். அதில் அவள் பெயரும் ஒன்று. காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘பாடத்தில் கவனம் இல்லை’ என்று இருந்ததாகப் பிறகு தெரிந்தது. என் வார்த்தைகள்தான்.

அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. நிமிர்ந்து பார்த்தால் திட்டப் போகிறாரோ என்று தோன்றும் முகம். “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். மூத்த மகளை அரியலூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன் சுண்ணாம்புக் கல் லாரி ஓட்டுகிறவர். மூத்தவளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. திங்கள் மதியப் பஸ்ஸில் இளையவளைக் குழந்தை பார்க்க அங்கே அனுப்புவதென்று முடிவாகிவிட்டது.

பட்டியலில் இருப்பவர்களின் நோட்டுகளைச் சரிபார்த்துத் திங்கட்கிழமை கொண்டுவரும்படி சார் சொல்லியிருந்தார். பெரிய சாரிடம் காட்டுவதற்காம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து அவள் நோட்டை எடுத்தேன். வழக்கம்போல விடை வரியை மட்டும் பார்த்து, சிவப்புப் பேனாவால் முதல் பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி போட்டேன். மூன்றாவது போடும்போது கை நின்றது.

சார் போர்டில் Mg + O₂ → MgO என்று எழுதியிருந்தார். அவள் நோட்டில் Mg + O → MgO என்று இருந்தது. கீழே ‘சமமாக உள்ளது.’ அப்படி எழுதினால் அது சமமாகத்தான் இருக்கிறது. அடுத்தது N + H → NH. சமமாக உள்ளது. ஆமாம். கீழே இருக்க வேண்டிய எண்கள் ஒன்றுகூட இல்லை. ஜூன் மாதம் முதல் பக்கத்திலிருந்தே இல்லை. தண்ணீரைக்கூட HO என்றுதான் எழுதியிருந்தாள்.

நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த விடைத்தாளை எடுத்து, அவள் வராது என்று எழுதிய இரண்டையும் பார்த்தேன். Na + HO → NaOH + H. நான் போட்டுப் பார்த்தேன். முன்னால் இரண்டு போட்டேன், மூன்று போட்டேன், நான்கு போட்டேன். எது போட்டாலும் அந்தப் பக்கம் ஹைட்ரஜன் கூடுதலாகவே நின்றது. சுண்ணாம்புக் கல்லை அவள் CaCO → CaO + CO என்று எழுதியிருந்தாள். அதையும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் எப்போதும் ஆக்சிஜன் அதிகம். என்ன செய்தாலும் வராது. அந்த மாதிரிச் சமன்பாடு உலகத்திலேயே வராது. அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் இருந்த களத்துக்குப் போனேன். வெங்காயக் குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்து, வெங்காயத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போவது போல அவளைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனேன்.

“ஏண்டி, கீழ இருக்கற ரெண்டு மூணு எல்லாத்தையும் வுட்டுட்டே எழுதியிருக்க?”

“எந்த ரெண்டு?”

“H₂Oன்னா கீழ ரெண்டு இருக்குமே, அது.”

“அது நீ போடறதுதான. சாரு போடறதுல இல்லையே.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மலையைக் காட்டினேன்.

“அந்தா மலைக்கோயில் தெரியுதா?”

“தெரியுது.”

“கோபுரம்?”

கண்ணை இடுக்கினாள். “மலை தெரியுது. கோயிலு அது மேல இருக்குன்னு எனக்குத் தெரியாதா என்ன?”

அவளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் வகுப்புக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது, தள்ளினால் திறந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை சார் எழுதியது போர்டில் அப்படியே இருந்தது. அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். எழுத்துகளைப் படித்தாள். எண்கள் அவள் வாயில் வரவில்லை. “ஒரு பெஞ்சு முன்னாடி வா” என்றேன். இன்னொரு பெஞ்ச். முதல் பெஞ்சுக்கு வந்தும் வரவில்லை. போர்டுக்கு ஓர் அடி தூரத்தில் வந்து நின்றபோதுதான் அவள் பேச்சு நின்றது. விரலால் அந்தச் சின்ன இரண்டைத் தொட்டாள். விரலில் சாக்பீஸ் ஒட்டியது.

“இது சாக்பீஸு பொடின்னு நெனச்சேன் லீடரு. அங்கேருந்து பாத்தா புள்ளி புள்ளியா பொடி மாதிரி தெரியும்.”

“அப்ப மரத்தடியில நான் போட்டது?”

“நீ லீடருங்கறதுனால, கஷ்டமாப் போட்டுக் குடுக்கறேன்னு நெனச்சேன். சார் போடறது லேசா இருந்துச்சு. சில சமயம் வரவே வராது. சாருக்கு ஒரு காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்.”

அவள் அழவில்லை. போர்டு முழுவதையும் அந்த ஓர் அடி தூரத்தில் நின்று, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடந்து படித்து முடித்தாள். பிறகு, “அம்மா தேடும்” என்று சொல்லிவிட்டுக் களத்துக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை காலையில் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். சார் இறங்கியதும் நோட்டை நீட்டி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

“கண்ணு தெரியலன்னா வெங்காயம் எப்பிடிம்மா ஆயறா?”

“கிட்டக்க தெரியுது சார். தூரத்துலதான் தெரியல. நீங்க அவ நாலாவது கணக்கப் பாருங்க சார்.”

அங்கேயே நின்று பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிப் பார்த்தார். பஸ் புகையைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் நிமிரவில்லை.

“வராதுதான்” என்றார். டிக்கெட்டை நோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டே, “ஆமா, வராது” என்றார்.

அன்றைக்கு வகுப்பில் அவர் எழுதிய எழுத்து எங்களுக்குப் புதிதாக இருந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. கீழே இருக்கும் எண்ணும் பக்கத்து எழுத்தின் உயரம். அழகு போய்விட்டது. கடைசி பெஞ்சுக்காரியை முதல் பெஞ்சுக்கும் முன்னால், தரையில் பாய் போட்டு உட்காரவைத்தார். பையன்கள் வரிசையின் கடைசியிலிருந்து ஒருவன், “சார், அது நம்பரா சார்?” என்றான். அவன் பக்கத்தில் இருந்தவனும் எழுந்து எட்டிப் பார்த்தான். சார் திரும்பாமலே, “ஆமாடா, நம்பர்தான்” என்றார். அன்றைக்கு அந்தப் பீரியடில் மூன்று சாக்பீஸ் தீர்ந்தது.

மதிய இடைவேளையில் என்னையும் கூட்டிக்கொண்டு களத்துக்கு வந்தார். கடைசி பெஞ்சுக்காரி எங்களுக்குப் பின்னால் வந்தாள். அரியலூர்ப் பஸ்ஸுக்காக அவள் துணிப்பை வேலி ஓரமாகத் தயாராக இருந்தது. சார் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் அம்மாவுக்கு எதிரே நின்றார்.

“தப்பு என் மேலதாங்க. ஒங்க பொண்ணு நல்லாத்தான் படிக்கிறா. கண்ணுல கோளாறு. போர்டு தெரியல. பெரம்பலூர்ல டாக்டர்கிட்டக் காட்டி ஒரு கண்ணாடி போட்டுட்டா...”

அந்த அம்மா சட்டென்று எழுந்து, எங்களைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். மற்ற பெண்கள் கை வேலையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மெதுவாப் பேசுங்க சார். அவ கண்ணு நல்ல கண்ணு. ஒரு நாளைக்கி ரெண்டு மூட்ட ஆய்வா.”

“இல்லம்மா, தூரத்துல...”

“கண்ணு தெரியாத பொண்ணுன்னு ஒருத்தர் காதுல வுழுந்தா எவன் சார் கட்டிக்குவான்? நீங்க கண்ணாடிய மாட்டி வுட்டுட்டு உங்க ஊருக்குப் போயிடுவீங்க. நான் இந்த ஊர்ல இருக்கணும்ல. கண்ணாடி கிண்ணாடின்னு பேச்சு வந்துச்சுன்னா இப்பவே பஸ் ஏத்திடுவேன்.”

 வெயிலில் சாருக்கு வியர்த்துக் கொட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மதியப் பஸ்ஸில் அவள் சத்தமில்லாமல் போயிருப்பாள். இப்போது குறையுள்ள பெண் என்கிற பேரோடு போகப் போகிறாளே என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பேச்சை முடித்தது கடைசி பெஞ்சுக்காரிதான்.

“கண்ணாடி வேணாம்மா. முன்னாடி உக்காந்து சாரு பெரிசா எழுதுனா தெரியுது. பரீட்சைக்குத் தாளு கையிலதான குடுப்பாங்க. நான் எழுதிட்டு அரியலூர் போறேன். அக்காவுக்குத் தொணையா அதுவரைக்கும் நீ போய் இரு.”

அம்மா மகளைப் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “பரீட்ச முடியற வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டுக் குவியலுக்குப் போய் உட்கார்ந்தார்.

“கண்ணாடி வேண்டாங்க. எழுதட்டும், போதும்” என்றார் சார், நிம்மதியாக. எனக்கும் நிம்மதிதான்.

பெரிய சார் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டியல் தயாராகிவிட்டது என்றார். சயின்ஸ் சார் ஒரு தாளில் பத்துச் சமன்பாடு எழுதி, அவர் அறையிலேயே அவளை உட்காரவைத்துப் போடச் சொன்னார். ஒன்பது சரி. ஒன்று அவசரத்தில் தப்பு. பெரிய சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெயிலானா நீங்கதான் சார் பதில் சொல்லணும்” என்று சொல்லி, அவள் பெயர் மேல் கோடு போட்டார். மற்ற ஐந்து பேரின் கண்ணையும் யாராவது பார்த்தார்களா என்றால், இல்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. அதில் ஒருவன் பையன்கள் வரிசையில் கடைசி பெஞ்ச்.

அவள் தேறினாள். அறிவியலில் ஐம்பத்தெட்டு. எனக்கு எழுபத்தொன்று. முடிவு வந்த வாரமே அரியலூர் போய்விட்டாள். மேலே படிக்கவில்லை. நான் பெரம்பலூரில் படித்து, தட்டச்சுப் பழகி, தாலுகா ஆபீஸ் வேலைக்குப் போனேன். சார் எங்கள் பள்ளியில் இன்னும் இரண்டு வருடம் இருந்து மாற்றலாகிப் போனார். அவர் நல்ல மனிதர். ஒரு மாணவியின் அம்மா முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தப்பு என்னுடையது என்று சொன்ன வாத்தியாரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணாடிப் பேச்சை அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்க வேண்டாம் என்று இந்த வயதில் தோன்றுகிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது அவள் பரீட்சை. அது கிடைத்ததும் அவள் கண்ணை மறந்துவிட்டோம். ‘கவனம் இல்லை’ என்று நான் எழுதிய விஷயத்தை அவளிடம் சொல்லவே இல்லை. சொல்ல நினைத்த நாள்களில் அவள் பக்கத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த நாளில் வேறு பேச்சு வந்துவிட்டது.

அந்த நாள் எட்டு ஒன்பது வருடம் கழித்து வந்தது. ஒரு கல்யாணத்துக்காக அரியலூர் போய்விட்டு, திரும்புவதற்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கல் லாரிகள் போகிற சாலையிலிருந்து தூசி வந்து எல்லார் மேலும் படிந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம், திட்டக்குடி பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு குரல்.

“ஏய்! லீடரு!”

இடுப்பில் குழந்தையோடு ஓர் உயரமான பெண் கையை ஆட்டிக்கொண்டே பஸ்களுக்கு நடுவில் புகுந்து வந்தாள். தடிமனான கண்ணாடி. அத்தனை தூரத்திலிருந்து அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். எனக்குக் கிட்ட வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

கண்ணாடி போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்ததாம். வீட்டுக்காரர் தன் கண்ணைக் காட்ட ஒரு முகாமுக்குப் போனவர், இவளையும் வரிசையில் நிற்கவைத்திருக்கிறார். டாக்டர் திட்டினாராம், இத்தனை வருசம் எப்படி நடமாடினாய் என்று. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். குழந்தை கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அதன் கையை விலக்கி விலக்கிப் பேசினாள்.

“அம்மா எப்பிடி இருக்காங்க? கண்ணாடியப் பாத்து ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டேன்.

“கேளு. போட்டதுக்கப்புறம் போன மாசம்தான் ஊருக்குப் போனேன். பஸ்ஸ வுட்டு எறங்குறேன். அம்மா நம்ம தெரு முனையில நிக்குது. இவ்ளோ தூரம் இருக்கும்.” சாலையின் அந்தக் கோடியைக் காட்டினாள். “என்னப் பாத்துட்டு சிரிக்குதுடி. வாயெல்லாம் பல்லா. நான் யாரையோ பாத்து சிரிக்குதுன்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாரும் இல்ல.”

“அப்பறம்?”

“கிட்ட வந்தேன். வந்ததும் பழைய மொகம்தான். ‘என்னத்தடி மூஞ்சில மாட்டிக்கிட்டு வந்திருக்க’ன்னுச்சு.” குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “எத்தன வருசம் லீடரு, பள்ளிக்கூடத்துலேருந்து வரப்ப, காட்டுலேருந்து வரப்ப, எல்லாம் அது அங்க நின்னு அப்பிடித்தான் சிரிச்சிருக்கும் போல. எனக்குத் தெரியவே இல்ல.”

பெரம்பலூர் பஸ் வந்து நின்று, கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினார். அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நான் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.